லியோனை அழைக்கப் போன நால்வர்

பாரிவாக்கம்
10-1-1937

அன்புள்ள மச்சான் நாகப்பனுக்கு,

மதுரைவீரன் எழுதுவது. நானே எழுதுவது. பயப்படாதே, இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். நல்ல செய்திக்காகத்தான் இந்தக் காகிதம்.

இதுவரை என் பேரில் உனக்கு வந்த கடிதங்களை எல்லாம் பூந்தமல்லி தபாலாபீஸ் வாசலில் உட்காரும் பெரியவர் எழுதினார். நான் அரைமணி நேரம் பேசுவேன். அவர் நான்கு வரியில் முடித்துவிட்டு, "எல்லாம் வந்துடுச்சி, போ" என்பார். வந்ததா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்போது தெரியும். நான் நினைத்தது எல்லாம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

எனக்கு அறுபத்தாறு வயது. தலையாரி வேலையை விட்டு நான்கு வருஷம் ஆகிறது. முப்பத்தைந்து வருஷம் மணியக்காரர் வீட்டுக் காகிதங்களை ஊர் முழுக்கச் சுமந்தேன். சம்மன், நோட்டீசு, வரிக் காகிதம். ஒன்றிலாவது என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. போன மாசம் பூந்தமல்லி சாலையில் ஒரு பலகையைப் படித்தேன். "இங்கே லாடம் அடிக்கப்படும்." அந்தப் பலகைக்குக் கீழே ஆயிரம் தடவை நடந்திருக்கிறேன். நின்று மறுபடியும் படித்தேன். லாடக்காரன் என்னைப் பார்த்து, "மாடு எங்கே?" என்றான்.

எங்கள் வாத்தியார் பேர் தசரதன். காட்டுப்பாக்கத்து எத்திராஜ் நாயக்கர் மகன். நிலம் நீச்சு உள்ள குடும்பம். பட்டணத்தில் பி.ஏ. படித்துத் தோற்றவர். படித்தது தத்துவமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சைக்கிளில் நம் சேரிப் பள்ளிக்கூடக் கொட்டகைக்கு வருகிறார். பதினாறு பேர் இருக்கிறோம், எல்லோரும் தலை நரைத்த பிள்ளைகள். அவருக்குத் தெரிந்தது ஞானிகளின் கதை மட்டும்தான். அதனால் எழுத்துப் பழகுவதும் அதை வைத்துத்தான். மற்ற ஊரில் அணில், ஆடு என்று படிக்கிறார்கள். நாங்கள் டயோஜனிஸ் என்று படிக்கிறோம்.

அவர் கிரேக்க தேசத்தில் ஒரு பெரிய மண்சாடிக்குள் குடியிருந்தவர். ஒரு ராஜா வந்து எதிரே நின்று, "உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றாராம். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், வெயிலை மறைக்கிறீர்கள்" என்றாராம் இவர். வண்டிக்கார துலுக்கானம் அதைக் கேட்டுவிட்டு, "நம்ம மணியக்காரர் வந்து நின்னா நெழல் நல்லா அகலமா வுயும் சார். மாட்டக் கூட கட்டலாம். நானா இருந்தா நில்லுங்கன்னு சொல்வேன்" என்றான். வாத்தியார் சிரித்துச் சிரித்துச் சாக்குக்கட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

வீட்டில் குப்பம்மாதான் திட்டுகிறாள். "இந்த வயசுல எய்தக் கத்துகினு இன்னா கலெக்டராவா போப்போறே?" என்கிறாள். ஆனால் மை காயும்வரை காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளும் அவள்தான்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. விரல் வலிக்கிறது. அந்த வலி நன்றாக இருக்கிறது.

உன் மச்சான்
மதுரைவீரன்
(கைநாட்டு அல்ல, கையெழுத்து)


மாரிகுப்பம், கோலார் தங்கவயல்
2-2-1937

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

தாயம்மா வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அப்பா தன் நெஞ்சில் வைத்துத் தட்டிப் பார்த்தார், நல்ல காசா செல்லாத காசா என்று பார்ப்பவர் மாதிரி. மாலையில் எங்கள் சுரங்க லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார, நான் சத்தமாகப் படித்தேன். சாடிக்கார ஞானி இங்கே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. இனி அப்பா சொல்வதை அவர் வாயால் வந்தபடியே எழுதுகிறேன். மாற்றினால் கோபிக்கிறார்.

"டேய் மச்சான், மதுரவீரா! எய்த்து கோழி கெளறன மாரி கீதுன்னு தாயம்மா சொல்றா. கெளறட்டும். உன் கோழிதானே. நான் நல்லாத்தான் கீறேன். இருமல் மட்டும் வுட மாட்டேங்குது. சொரங்கத்துக்குப் போறத வுட்டு ரெண்டு வருசம் ஆவுது, ஆனா சொரங்கம் எனக்குள்ளாற வந்து குந்திகினு கீது.

"அந்தச் சாடிக்காரன் கதைய கேட்டுட்டு, நானும் பதிலுக்கு நம்ம கன்னுக்குட்டி கதைய எடுத்து வுட்டேன். இருபத்தெட்டு வருசமா சொல்றேன், இன்னும் சிரிக்குதுங்க. மணியக்காரன் உன்னாண்ட கன்னு கெணத்துல வுயுந்துடுச்சின்னு சொல்லி அனுப்ச்சான். நீயும் நம்பிகினு வந்தே. நானும் நம்பி, புதுக் கயிற எடுத்துகினு உனக்கு முன்னால ஓடனேன். போயி பாத்தா கெணத்துல கன்னும் இல்ல, தண்ணியும் இல்ல. போலீசுதான் கீது. எங் கயிறாலியே எங் கையக் கட்டனான். ரெண்டு மடையனுங்களும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துகினு நின்னோமே! அத்தச் சொன்னா போதும், கெயவிங்க கூட வயித்தப் புடிச்சிக்கும்.

"ஆனா ஒண்ணு. நான் செங்கல்பட்டு ஜெயில்ல இருந்த ஆறு மாசமும் நீயும் குப்பம்மாவும் எம் பொண்டாட்டிக்குக் கஞ்சி ஊத்தனீங்க. அந்த ஊர்ல எனக்கு ஊடு இல்ல, நெலம் இல்ல. நீ ஒருத்தன்தான் கீறே. இன்னும் ரெண்டு ஞானி கதை எய்து. மூணா இருந்தா நல்லது."

அவ்வளவுதான் மாமா. அத்தைக்கு என் அன்பு.

உங்கள் தாயம்மா


பாரிவாக்கம்
7-3-1937

அன்புள்ள மச்சான் நாகப்பனுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. குப்பம்மாவுக்கு முழங்கால் வலி. ஏரியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போய்விட்டது. வேறு விசேஷம் இல்லை.

இப்போது ஒரு மாசமாகச் சாக்ரடீஸ் என்பவரைப் படிக்கிறோம். கல்தச்சன் மகன். தாய் பிரசவம் பார்ப்பவள். இவருக்கு வேலையே கடைத்தெருவில் நின்று ஆட்களைக் கேள்வி கேட்பதுதான். செருப்பு இல்லாமல் நடப்பாராம். அதைக் கேட்டதும் எங்கள் கொட்டகையில் எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டோம். பெண்டாட்டி திட்டித் தீர்த்துவிட்டு ஒரு நாள் தலையில் தண்ணீரையும் கொட்டினாளாம். "இடிக்குப் பிறகு மழை வரத்தானே செய்யும்" என்றாராம். இதைக் குப்பம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொம்பளைய கேட்டாத்தான் தெரியும், அவன் ஊட்டுக்கு இன்னா கொண்டாந்து குடுத்தான்னு" என்றாள். 

எங்கள் வாத்தியார் பரீட்சையில் தோற்றதும் இந்தச் சாக்ரடீஸால்தான். பரீட்சையில் ஒரு கேள்வி வந்ததாம்: தெரிந்துகொண்டே ஒருவன் தவறு செய்ய முடியுமா? முடியாது என்பது சாக்ரடீஸ் கட்சி. நல்லது எது என்று உண்மையில் தெரிந்தவன் அதைத்தான் செய்வான், தப்பு செய்கிறவன் தெரியாமல்தான் செய்கிறான் என்கிறார். வாத்தியார் அந்த ஒரு கேள்விக்கே மூன்று மணி நேரமும் எழுதிவிட்டார். மற்றக் கேள்விகளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் அப்பா எத்திராஜ் நாயக்கர் போன வாரம் வழியில் என்னைப் பார்த்து, "பி.ஏ. படிக்க வெச்சேன்டா. ஒரே கேள்வியில ஊட்டக் கட்டிகினு உக்காந்துட்டான். இப்ப உங்க கொட்டாயில வந்து உக்காந்திருக்கான். இது சோறு போடுமா, சொல்லு" என்றார். "போடாதுங்க" என்றேன். "அப்புறம் இன்னாத்துக்குப் போறே?" என்றார். "எனக்குச் சோறு இருக்குதுங்க" என்றேன். நடையைக் கட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கதை சொன்னார். அவர்கள் ஊரை முப்பது பேர் பிடித்துக்கொண்டு அக்கிரமம் செய்த காலம். அந்த முப்பது பேர் சாக்ரடீஸையும் வேறு நான்கு பேரையும் கூப்பிட்டார்கள். "சலாமிஸ் என்ற தீவுக்குப் போங்கள். அங்கே லியோன் என்று ஒருவன் இருக்கிறான். கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். கொல்வதற்காக. நான்கு பேர் போனார்கள், கூட்டிவந்தார்கள். லியோன் செத்தான். சாக்ரடீஸ் மட்டும் போகவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாசலை விட்டு இறங்கினார், தன் வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான்.

துலுக்கானம் உடனே, "அப்ப அவரும் தலையாரிதான்னு சொல்லுங்க!" என்றான். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு வாத்தியார் என்னைக் கேட்டார். "நீங்க சொல்லுங்க. தெரிஞ்சே ஒருத்தன் தப்பு செய்ய முடியுமா?" முடியும் என்றேன். எப்படித் தெரியும் என்றார். தெரியும் என்றேன். பிறகு பலகையைத் துடைத்தேன்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுதச் சொல்.

உன் மச்சான்
மதுரைவீரன்


மாரிகுப்பம்
28-3-1937

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று மாலை படித்தேன். முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் யோசித்தார்கள், மூன்றாம் நாள் சண்டை வந்தது. அப்பாவுக்கு உங்கள் சாக்ரடீஸ் மேல் கோபம். சொல்கிறார், எழுதுகிறேன்.

"மச்சான், உன் ஆளு பெரிய ஆளுதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். ஊட்டுக்குப் போயிட்டாரு சரி. போய் இன்னா பண்ணாரு? பொண்டாட்டி கையில தண்ணிய வாங்கித் தலையில ஊத்திகினு குந்தினு இருந்தாரா? லியோனு செத்தானா இல்லியா? ஒரு ஆளப் புடிச்சி, 'யப்பா, உன்னைக் கூப்பிட வராங்க, ஓடிடு'ன்னு ஒரு கொரல் குடுத்து அனுப்பக் கூடாதா? உங்க வாத்தியாரு தீவுன்னு சொல்வாரு, படகு வேணும்னு சொல்வாரு. படகு கெடைக்காத ஊரா அது?

"அவரு தன் கைய மட்டும் கயுவிகினாரு. கூப்பிடப் போனவனுக்கு ஒரு கதை கீது, போவாதவனுக்கு ஒரு கதை கீது. கூப்பிடப்பட்டவனுக்கு? என்னைக் கேளு, நான் சொல்றேன். நான் லியோனுடா. கயிறோட ஓடன லியோனு.

"நம்ம கதையில உன்னை அவரோட நிறுத்திப் பாத்தேன். நீ தேவலாம். உன் கையில அன்னிக்குத் தடி கூட இல்ல. சர்க்கார் வேலையா வந்தா தலையாரி தடி இல்லாம வர மாட்டான், அது ஊருக்கே தெரியும். தடியப் பாத்திருந்தா நான் ஏரிய தாண்டி ஓடியிருப்பேன். பாவம், உன்னையும் ஏமாத்திப்புட்டானுங்க. உனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா நீ ஊட்டுக்குப் போயிருக்க மாட்டே. நேரா எங்கிட்ட வந்து சொல்லியிருப்பே. சாக்ரடீசுக்கு மேல நீ. லைன்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

மாமா, அப்பா இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் இருமினார். ஆனால் சந்தோஷமாக இருக்கிறார்.

உங்கள் தாயம்மா


பாரிவாக்கம்
25-4-1937

அன்புள்ள நாகப்பனுக்கு,

எனக்குத் தெரிந்திருந்தால் வந்து சொல்லியிருப்பேன் என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். எனக்குத் தெரிந்திருந்தது.

நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். மன்னிக்கவும் என்று முதலில் எழுதிப் பார்த்தேன். அது கடிதத்தின் தலையில் நின்றுகொண்டு மற்றதை மறைத்தது. எடுத்துவிட்டேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்று காலை மணியக்காரர் வீட்டு முற்றத்தில் போலீஸ்காரர் இரண்டு பேர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரி மதகின் இரும்புப் பலகை திருடு போய் ஒரு மாசம் ஆகியிருந்தது. யார் எடுத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. யார் பேரையாவது எழுதியாக வேண்டும். மணியக்காரர், "நாகப்பன்னு எய்திக்குங்க" என்றார். கூலியில்லாத வெட்டி வேலைக்கு இனிமேல் வர மாட்டேன் என்று நீ அவர் வாசலில் நின்று சொல்லி அப்போது பத்து நாள்தான். நான் மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லாம் கேட்டேன்.

என்னைக் கூப்பிட்டார். "தடியோட போனியானா ஏரியில குதிச்சி ஓடிடுவான். தடிய வெச்சிட்டுப் போ. கன்னுக்குட்டி கெணத்துல வுயுந்துடுச்சின்னு சொல்லு. கயிறும் அவனே எடுத்தாரட்டும்" என்றார். கயிறு என்றதும் போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அது ஒன்றைத்தான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தடியைக் கொட்டில் சுவரில் சாய்த்துவிட்டு நடந்தேன். நம் பக்கம் வந்ததும் இரட்டைப் பனையண்டை வழி பிரியும், உனக்கு நினைவிருக்கும். இடது பக்கம் என் வீடு. வலது பக்கம் உன் வீடு. நான் வலது பக்கம் திரும்பினேன். நீ கூரையில் உட்கார்ந்து கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தாய். கன்று விழுந்துவிட்டது என்றேன். "எந்தக் கன்னு, செவலையா?" என்று கேட்டாய். ஆமாம், செவலை என்றேன். அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த நிறம் என்னுடையது. நீ கூரையிலிருந்து குதித்துக் கயிற்றை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாய்.

ஏன் செய்தேன் என்று ஒரு மாசமாக யோசிக்கிறேன். பயம் என்று எழுத ஆசைதான். பயமும் இருந்தது. ஆனால் அதைவிட, போ என்றால் போகிறவன் நான். கால் போயிற்று, நான் கூடப் போனேன். இருந்தாலும் தெரியாமல் போகவில்லை. தப்பு செய்கிறவன் தெரியாமல்தான் செய்கிறான் என்கிறாரே சாக்ரடீஸ், என் வரையில் அது சரி இல்லை. நீ என்னை அவருக்கு மேலே நிறுத்தியிருக்கிறாய். என் இடம் அது இல்லை. போன நான்கு பேரில் ஒருவன் நான்.

இத்தனை வருஷம் சொல்லாததற்கு ஒரு சாக்கு இருந்தது. தபாலாபீஸ் பெரியவரிடம் சொல்லி இதை எப்படி எழுதச் சொல்வது என்று. இப்போது எனக்கே எழுதத் தெரியும். சாக்கு போய்விட்டது.

இதைத் தாயம்மாதான் உனக்குப் படிப்பாள் என்று தெரியும். அன்று அவள் தன் தாய் வயிற்றில் நான்கு மாசம். அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மதுரைவீரன்


மாரிகுப்பம்
4-5-1937

மாமா அவர்களுக்கு,

தாயம்மா எழுதுகிறேன். இது அப்பா சொல்லி எழுதுவது அல்ல. உங்கள் கடிதம் வந்தது. அதை நான் அப்பாவுக்குப் படிக்கவில்லை.

எப்போதும் நான் முதலில் ஒருமுறை மனசுக்குள் படித்துவிடுவேன், உங்கள் எழுத்து தடுக்கும் என்பதால். அதனால் தப்பித்தோம். அப்பா கட்டிலில் இருந்து, "இன்னா எய்தியிருக்கான்?" என்று கேட்டார். சாடிக்கார ஞானியைப் பற்றி இன்னொரு கதை என்றேன். நானே ஒன்றைக் கட்டிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இது அவன் எய்தன மாரி இல்லியே" என்றார்.

நான் உங்களைத் திட்டப் போவதில்லை. எனக்குக் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. என் அம்மா குடித்த கஞ்சியை நானும் குடித்திருக்கிறேன். அது ஏன் வந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்தால் உங்கள் மனசு லேசாகும். அப்பாவுக்கு என்ன ஆகும்? வரும் மழைக்காலத்தை அவர் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்கிறார். அந்த ஊரில் நல்லவன் என்று அவருக்கு நீங்கள் ஒருவர்தான். அதையும் எடுத்துவிட்டு அவரை அனுப்ப வேண்டுமா? உங்கள் ஞானிகள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

கடிதம் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கிறது. எரித்துவிடு என்றால் எரிக்கிறேன். படி என்றால் படிக்கிறேன். நீங்களே சொல்லுங்கள்.

தாயம்மா


பாரிவாக்கம்
16-5-1937

அம்மா தாயம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கு முழுதாக, ஒருவருக்குப் பேரைச் சொல்லாமல்.

பேரைச் சொல்லாமல் படித்தது வாத்தியாருக்கு. அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். "நீங்க கேக்கறதுக்குப் பதில் எழுத எனக்கு மூணு மணி நேரம் போதாது. அதனாலதான் தோத்தேன்" என்றார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, "படிச்சதால ஒரு லாபம் உண்டு. சரியான கேள்வி வந்தா, இது சரியான கேள்வின்னு தெரியுது" என்றார். அப்புறம் போய்விட்டார். நல்ல மனுஷன்.

முழுதாகக் கேட்டவள் உன் அத்தை. அவளுக்கும் இத்தனை வருஷம் தெரியாது. முதலில் நான் உன் அப்பாவுக்கு எழுதியதைச் சொன்னேன், பிறகு உன் கடிதத்தைப் படித்தேன். குப்பம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்தாள். "அப்ப ஆறு மாசம் நான் கஞ்சி எடுத்துகினு போனேனே, அது இன்னாய்யா? உன் பாவத்துக்கு நானா கூலி?" என்றாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் அவளாகவே சொன்னாள். "அது நாகப்பன் அண்ணன் பேருக்குப் போன காயிதம். அத்தப் பானைக்குப் பின்னால வெக்கறதுக்கு அவ யாரு? எரின்னு சொல்றதுக்கு நீ யாரு?"

முழுதாகக் கேட்ட இரண்டாவது ஆள் நான்தான். எனக்கே சத்தமாகப் படித்துக்கொண்டேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு முற்றத்தில் நின்று சில பேர், நாகப்பனுக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்று முடிவு செய்தோம். நீயும் நானும் இப்போது அதையேதான் செய்கிறோம். அன்று செய்தவர்களுக்கு அவன் மேல் அன்பு இல்லை. நமக்கு இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். அவனுக்கு அது தெரியாது, அதனால் அவன் வரையில் வித்தியாசம் இல்லை.

என் மனசு லேசாகுமா என்று கேட்டாய். ஆகவில்லை. எழுதிய நாளிலிருந்து கனமாகத்தான் இருக்கிறது. அதற்காகச் சொல்லவில்லை.

படி, அம்மா. எதையும் விடாதே. செவலை என்று நான் சொன்ன இடத்தையும் படி.

மதுரைவீரன்


மாரிகுப்பம்
6-6-1937

மாமா அவர்களுக்கு,

படித்தேன். லைன்காரர்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்து மத்தியானத்தில் படித்தேன்.   அப்பா நான்கு நாள் சாப்பிட்டார், வெயிலில் உட்கார்ந்தார். நேற்று மாலை வழக்கம்போல ஆட்கள் வந்தார்கள். ஒரு கிழவி, "கன்னுக்குட்டி கதை சொல்லு" என்றாள். அப்பா வாயைத் திறந்தார். பிறகு உடம்பு சரியில்லை என்று உள்ளே போய்விட்டார். இன்று காலை எழுதச் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

"மதுரவீரா. அது புதுக் கயிறு. பாரிவாக்கம் ஏரிக்கரையில குந்திகினு ரெண்டு நாளு நானே திரிச்சது.

"ஜெயிலு போனதுக்கு நான் அழுவல. மணியக்காரன் செஞ்சான், அவன் அப்பிடித்தான் செய்வான். நீ செஞ்சதும் இப்ப புரியுது. வேலக்காரன், போன்னா போவே. அதெல்லாம் கூட வுட்டுடலாம். ஆனா இருபத்தெட்டு வருசமா அந்தக் கதைய சிரிச்சிகினு சொல்லினு இருந்தேன்டா. ஏன் சிரிச்சேன்? மடையனுங்க ரெண்டு பேருன்னுதான். ஒருத்தன் மட்டும்னா அதுல சிரிக்க இன்னா கீது? அந்தக் கதைய வெச்சிதான் இந்த ஊர்ல நான் ஒரு ஆளு. இனிமே அத்த எப்பிடிச் சொல்வேன்?

"எய்தனது சரி. மறைச்சிருந்தா தப்பு. தாயம்மாளையும் திட்டிட்டேன், பானைக்குப் பின்னால வெச்சதுக்கு.

"சாக்ரடீசப் பத்தி நான் சொன்னது சொன்னதுதான். ஒரு கொரல் குடுத்திருக்கலாம்.

"எனக்கு இனிமே காயிதம் எய்தாதே. மச்சான்னும் போடாதே. எம் பேரு மேல இருந்தா நான் வாங்க மாட்டேன். தாயம்மாளுக்கு எய்தணும்னா எய்திக்கோ, அது உங்க ரெண்டு பேர் பாடு. அவ எப்பவும் சத்தமாத்தான் படிப்பா. இது சின்ன ஊடு. காத மூடிகினு குந்த முடியாது."

இவ்வளவுதான் சொன்னார் மாமா. எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொன்னார். படித்தேன். தலையை ஆட்டினார்.

தாயம்மா


பாரிவாக்கம்
20-6-1937

அன்புள்ள தாயம்மாவுக்கு,

இது உனக்கு எழுதும் கடிதம். இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என்னோடு பாதி நாள் பேசுகிறாள்.

வாத்தியார் மறுபடியும் பரீட்சைக்குப் போகிறாராம். எத்திராஜ் நாயக்கர் கொட்டகை வாசல் வரைக்கும் வந்து, "எல்லாக் கேள்விக்கும் எய்தச் சொல்லுங்கப்பா, நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்று எங்களிடம் முறையிட்டார். உள்ளே வரவில்லை. ஆனால் வாசலில் நின்று ஒரு பாடம் முழுக்கக் கேட்டார்.

அந்தப் பாடத்தை உனக்கு எழுதுகிறேன். இந்த ஞானியின் பேர் இன்னும் என் நாக்கில் உட்காரவில்லை. ரோமாபுரியில் அடிமையாக இருந்தவர். அவருடைய எஜமான் ஒரு நாள் அவர் காலைப் பிடித்து முறுக்கினானாம். "இப்படியே முறுக்கினால் உடையும்" என்றாராம் இவர். அவன் விடவில்லை. உடைந்தது. "உடையும் என்று சொன்னேனே" என்றாராம். அவ்வளவுதான். சத்தம் இல்லை, கோபம் இல்லை. நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் அப்படி இருக்கலாமாம்.

துலுக்கானம், "கால் ஒடஞ்சவன் கத்தலியா? பொய்யி சார்" என்றான். களை எடுக்கிற பூங்காவனம், "மொதல்ல நல்லா கத்திட்டு அப்புறமா சொல்லியிருப்பான். எய்தனவங்க கத்தனத வுட்டுட்டாங்க" என்றாள். வாசலில் நின்ற நாயக்கர், "அந்த எஜமானுக்கு ஒண்ணும் ஆவலியா?" என்று கேட்டார். வாத்தியார் தன் அப்பாவுக்குப் பதில் சொல்ல எழுந்து நின்றார். பிறகு புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

என்னையும் கேட்டார்கள். நான் பலகையைத் துடைத்தேன். கால் உடைந்தவர்கள் சொல்ல வேண்டிய விஷயம் இது. முறுக்கும்போது பக்கத்தில் நின்றவனுக்கு இதில் என்ன பேச்சு?

கடிதம் நீளமாகிவிட்டது. நான்கு நாளாக எழுதுகிறேன். எழுத்து முன்பைவிடத் தெளிவாக இருக்கிறதா? தடுக்காமல் சத்தமாகப் படிக்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதைக்கு உங்கள் வீட்டில் யாராவது ஏதாவது சொன்னால், சொன்னதை எனக்கு எழுது. யார் சொன்னது என்று எழுத வேண்டாம்.

மதுரைவீரன்